திருக்கை வலையில் தக்காளி

2023 ஆடியில் என் பந்தல் படுத்துவிட்டது. ஆறரை அடி உயரம், எட்டுச் சவுக்குக் கால், மேலே கட்டுக்கம்பிப் பின்னல், அதன்மேல் பீர்க்கும் புடலையும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. முதல் நாள் இலை கிழிந்தது. இரண்டாம் நாள் கொடியெல்லாம் ஒரு பக்கமாய்ச் சுருண்டது. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனால் பந்தல் மொத்தமும் கிழக்கே மண்டியிட்டிருக்கிறது. கால்கள் ஒன்றுகூட முறியவில்லை. மணலிலிருந்து அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. கம்பி மட்டும் பல இடத்தில் அறுந்திருந்தது. கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, துரு தின்றுவிட்டது.

எங்கள் வீடு உச்சிப்புளிக்கும் வடக்குக் கடற்கரைக்கும் நடுவில். பாக் விரிகுடா ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். மண் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, மணல்தான். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான், ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து வாடை, நடுவில் கொஞ்ச நாள் கிழக்கிலிருந்து கொண்டலும் தெற்கிலிருந்து சோழகமும். காற்று இல்லாத மாதம் என்று ஒன்றை எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்கவேண்டும். மதுரைப் பக்கத்து மாடித்தோட்டக்காரர்கள் காட்டும் அழகான ஆளுயரப் பந்தலை இங்கே கட்டினால் அது பந்தல் இல்லை, பாய்மரம்.

அந்த வாடைக்கே தக்காளியைக் குச்சி நட்டுக் கட்டிப் பார்த்தேன். செடிக்கு ஒரு சீமைக்கருவேலக் குச்சி, மூன்று இடத்தில் சணல் கட்டு. காற்றில் செடி குச்சியோடு உரசி உரசித் தண்டுத் தோல் போய்விட்டது. காய் கனக்க ஆரம்பித்ததும் குச்சியோடு சேர்ந்து விழுந்தது. இப்படித்தான் செடியை நிற்கவைக்கும் ஆசையை விட்டேன். நிற்கவேண்டாம், படுக்கட்டும். ஆனால் தரையில் படுத்தால் பழம் அழுகும், நத்தை தின்னும், கோழி கொத்தும். தரைக்கு இரண்டடி மேலே படுக்கவைக்க ஏதாவது வேண்டும்.

யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், சொன்னால் சிரிப்பீர்கள். கஞ்சாச் செடி வளர்ப்பவர்களிடமிருந்து. கனடாவில் 2018 அக்டோபரில் சட்டம் மாறியபிறகு பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். நான்குதான் என்று எண்ணிக்கையைக் கட்டிவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? நாலையும் நாற்பதாக விரிக்கப் பார்ப்பான். செடிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு வலையைக் கட்டி, மேலே கிளம்பும் ஒவ்வொரு நுனியையும் வளைத்து வலையின் அடுத்த கண்ணுக்குள், அதாவது அடுத்த ஓட்டைக்குள், செருகிக்கொண்டே போகிறார்கள். செடி மரம்போல நிமிராமல் பாய்போல விரிகிறது. வெயில் எல்லா நுனிக்கும் ஒரே அளவில் விழுகிறது. வெளியில் வளர்ப்பவர்கள் பூ கனத்தபிறகு கிளை ஒடியாமல் இருக்க அதற்கு மேலே இரண்டாவதாக ஒரு வலையும் கட்டுகிறார்கள். இங்கே அந்தச் செடியை வளர்த்தால் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் உள்ளே போகவேண்டியதுதான். அதுவும் எங்கள் கடற்கரையில் மூட்டை பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. எனக்கு அந்தச் செடி தேவையும் இல்லை. வலை போதும். வலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?

இதன் பின்னால் இருக்கும் சங்கதி எளிது. செடியின் உச்சியில் இருக்கும் மொட்டு ஆக்சின் என்ற ஒன்றைச் சுரந்து கீழே அனுப்பி, பக்க மொட்டுகளைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கும். வீட்டில் மூத்தவர் மாதிரி. உச்சியை வளைத்துப் படுக்கவைத்துவிட்டால் அந்த அதிகாரம் தளரும். கணுவுக்குக் கணு தூங்கிக் கிடந்த மொட்டுகள் எல்லாம் கிளம்பும். தக்காளிக்கும் அதே கதைதான்.

2024 மீன்பிடித் தடைக்காலத்தில் வலை தேடினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அப்போதுதான் பழைய வலைகளைப் பிரித்து, தேறுவதைத் தைத்து, தேறாததைக் குவிப்பார்கள். பக்கத்துத் தெரு மாமா ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது கண் மங்கி, வீட்டு வாசலில் வலை தைப்பதோடு சரி. அவரிடம் போய்க் கேட்டேன்.

"செடிக்கு வலையா? செடி என்னய்யா, நீந்தியா ஓடப்போகுது?"

"ஓடாம இருக்கத்தான் மாமா. காத்து தூக்கிட்டுப் போயிருது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குவியலிலிருந்து நண்டு வலை ஒரு துண்டும், திருக்கை மீனுக்குப் போடும் பெரிய கண் வலை ஒரு துண்டும் இழுத்துப் போட்டார். "பெருசை எடு" என்றார். நான் சின்னதை எடுத்தேன். நண்டு வலை தங்கூசி இழை, அதாவது தூண்டிலுக்குப் போடும் மெல்லிய நைலான் இழை, லேசாக, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக இருந்தது. கண்ணும் சிறிது. நிறையக் கண் இருந்தால் நிறைய இடத்தில் செருகலாமே என்று கணக்குப் போட்டேன். திருக்கை வலை முறுக்கு நூல், தடிப்பு, பச்சை நிறம் வெளுத்துப்போய், பார்க்கவே அழுக்கு. அதையும் சும்மா கிடக்கட்டும் என்று கொண்டுவந்தேன். கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டையும் ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசினேன். உப்பு போகவேண்டும். இல்லாவிட்டால் பனி இறங்கும் ராத்திரியெல்லாம் வலையிலிருந்து உப்புத் தண்ணீர் இலையில் சொட்டும். ஈயக்குண்டும் மிதப்பும் அறுத்து மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பாத்தி இருபதடி நீளம், ஆறடி அகலம். ஆறடி ஏன் என்றால், இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் மூன்றடிதான் எட்டும். நடுவில் வலைமேல் ஏறிப் பறிக்க முடியாது. நீளவாட்டம் வடக்கு தெற்காக வைத்தேன். வாடை வரும்போது அதன் எதிரில் ஆறடி முகப்பு மட்டும் இருக்கும், இருபதடி முழுக்கக் காட்டவேண்டியதில்லை. நடு வரிசையில் இரண்டடிக்கு ஒன்றாகப் பத்துச் செடி. நாட்டுத் தக்காளிதான், அப்பத்தா சாம்பலில் புரட்டிச் சுருட்டிவைத்திருந்த விதை. குட்டையாக வளர்ந்து ஒரேயடியாகக் காய்த்து நின்றுவிடும் ரகத்துக்கு இந்த வேலை எல்லாம் வீண். ஓடிக்கொண்டே இருக்கும் ரகம் வேண்டும்.

கால் நடுவதுதான் பாதி வேலை. பந்தல் விழுந்தபோது கற்றது அது. மணலில் கால் எவ்வளவு ஆழம் போனாலும் காற்று ஆட்ட ஆட்டப் பக்கத்து மணல் சரிந்து குழி அகலமாகும், பிறகு பிடுங்கும். ஐந்தடிக்கு ஒரு ஜோடியாகப் பத்துச் சவுக்குக் கால், ஒவ்வொன்றும் நாலடி, அதில் இரண்டடி மண்ணுக்குள். இது போதும் என்று நினைத்திருந்தேன். மாமா வந்து ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "கால் தாங்காதுய்யா, கயிறுதான் தாங்கும். சாக்குல மண்ணைக் கட்டிப் புதை" என்றார்.

நாலு மூலைக்கும் நாலு உரச்சாக்கு. பாதி மணல் நிரப்பி வாயைக் கட்டி, மூலைக் காலுக்கு வெளியே மூன்றடி தள்ளி, இரண்டரை அடி ஆழத்தில் புதைத்தேன். சாக்கின் கழுத்தில் கட்டிய கயிறு சாய்வாக மேலே வந்து மூலைக் காலின் தலையைப் பிடிக்கும். கூடாரக் கயிறு மாதிரி. கம்பி ஆணி அடித்தால் மணலில் உருவிக்கொண்டு வரும்; புதைத்த சாக்கை இழுக்கவேண்டும் என்றால் அதன்மேல் கிடக்கும் மணல் மொத்தத்தையும் தூக்கியாகவேண்டும். பாசி வளர்க்கும் மிதவைகளை நிறுத்தவும் கனத்தைத்தானே நம்புகிறார்கள். எத்தனை நாள் அந்தக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன், வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றவில்லை.

கட்டுக்கம்பியைத் தொடவே இல்லை. எல்லாம் கயிறு. முதலில் நைலான் கயிறு போட்டேன், அது ஒரு தப்பு. நைலான் நனைந்தால் நீளும், மழைக்கு மறுநாள் வலை தொட்டில்போலத் தொங்கியது. பிறகு படகில் பயன்படுத்தும் பச்சை பிளாஸ்டிக் கயிறுக்கு மாறினேன். அது தண்ணீர் குடிக்காது. லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சு தெரிந்தால் இறுக்குவதும் சுலபம்.

வலையைக் காலில் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். மீன் வலையின் கண் சதுரம் இல்லை, சாய்சதுரம். நீளத்தில் இழுத்தால் அகலம் செத்துப்போகும், அகலத்தில் இழுத்தால் நீளம் செத்துப்போகும். முதல் நாள் நானும் என் மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். முப்பதடி நீளத்துக்குத் தடித்த கயிறு ஒன்று கிடைத்தது. மாமா வாசலில் உட்கார்ந்து சிரித்தார். வலை கோர்க்கும்போது மேல்கயிற்றை வலையின் முழு நீளத்துக்குப் போடமாட்டார்கள். குறைத்துப் போட்டு, கண்ணைச் சுருக்கிக் கோர்ப்பார்கள். "அஞ்சு கண்ணுக்கு ஒன்றரை முழம் கயிறு" என்றார் மாமா. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். திருக்கை வலையில் முடிச்சுக்கு முடிச்சு நாலு அங்குலம். ஒரு கண்ணை முழுக்க இழுத்தால் எட்டு அங்குலம், ஐந்து கண்ணுக்கு நாற்பது. அது சதுரமாகத் திறக்க மூலைக்கு மூலை ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று மேலே வரவேண்டும். ஐந்து கண்ணுக்கு இருபத்தெட்டு. ஒன்றரை முழம் இருபத்தேழு அங்குலம். பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் என்று சொல்லிக்கொடுத்ததை மாமா முழங்கையில் வைத்திருக்கிறார்.

ஆக, இழுத்து நீட்டினால் பத்தடி வரும் வலையை ஏழடியில் கட்டவேண்டும். அப்போதுதான் கண் முழுக்கத் திறக்கும், வலையும் அதிகபட்ச இடத்தை மூடும். ஆறடி அகலத்துக்குப் பதின்மூன்று கண் சரியாக வந்தது. கண்ணுக்குக் கண் விளிம்புக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டவேண்டும். வெறுமனே கோர்த்துவிட்டால் காற்றில் எல்லாக் கண்ணும் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

இவ்வளவும் திருக்கை வலைக்குச் சொன்னது. ஆனால் முதலில் கட்டியது நண்டு வலை.

நவம்பர் இரண்டாம் வாரம். செடிகள் ஒன்றேகால் அடி. வலையைத் தரையிலிருந்து ஒன்றேகால் அடியிலேயே கட்டினேன். நுனி எட்டிப்பார்த்த உடனே செருகத் தொடங்கலாம் என்று அவசரம். மீதி வலையை அறுக்க மனசில்லாமல் இரண்டு பக்கமும் தரை வரை தொங்கவிட்டேன். கோழி உள்ளே போகாது பார், ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று வீட்டில் பெருமை வேறு.

நவம்பர் 20-ஆம் தேதி மழை பலருக்கு நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கமும் விடவில்லை. மணல் பூமி என்பதால் பாத்தியில் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் சுற்றிலும் பள்ளமெல்லாம் நிரம்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துக் காலையில் பாத்திப் பக்கம் போன என் மனைவி அலறினாள். தொங்கவிட்ட வலையில் ஒரு சாரைப்பாம்பு. பள்ளத்துத் தண்ணீருக்குத் தப்பி மேட்டுக்கு வந்திருக்கிறது. தலையை ஒரு கண்ணுக்குள் விட்டு, உடம்பு நுழையாமல், பின்னால் வரவும் செதில் விடாமல், முறுக்கி முறுக்கித் தங்கூசி சதைக்குள் இறங்கியிருந்தது. உயிர் இருந்தது.

மாமா வந்தார். சாரைதான் என்று இரண்டு பேர் உறுதி சொன்னபிறகுதான் கிட்டே போனார். நல்லபாம்பாக இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாதீர்கள். ஈரச்சாக்கைத் தலைமேல் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு இழையாக அறுத்தார். முக்கால் மணி நேரம். விட்டதும் வேலிக்குள் போய்விட்டது. மாமா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே, "பெருசை எடுன்னு சொன்னேன்ல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

அன்றைக்கே நண்டு வலையைக் கழற்றினேன். கழற்றினேன் என்பது தப்பு. செருகிய நுனிகள் எல்லாம் வலைக்குள் பின்னிக்கிடந்தன, வலையை உருவினால் செடி வரும். கண் கண்ணாக அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். தங்கூசி பட்ட இடமெல்லாம் தண்டில் கோடு கோடாக அறுப்பு. காற்றில் செடி அசைய அசைய மெல்லிய இழை ரம்பம்போல வேலை செய்திருக்கிறது. பாம்பு வராமல் இருந்திருந்தாலும் இன்னும் இரண்டு வாரத்தில் பாதி நுனி போயிருக்கும். மழையில் ஒரு செடி வேர் அழுகிப் போனது தனி. ஒன்பது செடியோடு டிசம்பர் முதல் வாரத்தில் திருக்கை வலையை ஏற்றினேன்.

இந்த முறை தரையிலிருந்து இரண்டடி. கீழே களை பறிக்க, பழுத்த இலை கிள்ள, காய் தேட, கை மட்டுமல்ல தலையும் போகவேண்டும் என்பது முதல் வலையில் கற்றது. பக்கத்தில் ஒரு அங்குலம்கூடத் தொங்கவிடவில்லை. நடுவில் தொய்யாமல் இருக்க, எதிரெதிர்க் கால்களுக்கு இடையே குறுக்குக் கயிறும், நீளவாட்டில் நடுவே ஒரு தாங்கு கயிறும் வலைக்கு அடியில் ஓடுகின்றன. வடக்கு முகப்பில் பனை ஓலைத் தட்டி ஒன்று, மூன்றடி உயரம், வேண்டுமென்றே ஓட்டை ஓட்டையாக. நெருக்கிக் கட்டினால் காற்று தட்டியைத் தாண்டிக் குதித்துச் செடிமேல் சுழலும். பாதி காற்றை உள்ளே விட்டால் அது அடங்கிப் போகிறது.

செருகும் வேலைக்கு இப்போது வருகிறேன். நுனி வலைக்கு மேல் ஒரு கை அகலம் எழுந்ததும், அதை மெல்லப் பிடித்து வலைக்குக் கீழே இழுத்து, வெளிப்பக்கமாக அடுத்த கண் வழியாக மேலே விடவேண்டும். அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாளில் நுனி திரும்ப வானத்தைப் பார்க்கும், பின்னால் உள்ள கணுவெல்லாம் கிளை விடும். நடுவிலிருந்து விளிம்புக்கு என்பதுதான் திசை. ஒரு செடியின் கிளை இன்னொரு செடியின் எல்லைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் பிறகு குழப்பம் இல்லை.

காலையில் செய்யக்கூடாது. நான் ஆபீசுக்குக் கிளம்பும் முன் ஏழு மணிக்குச் செய்துகொண்டிருந்தேன், நாளுக்கு ஒன்றிரண்டு நுனி "டக்" என்று ஒடிந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்துத் தண்டு விறைத்து நிற்கும் நேரம் அது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல், செடி வெயிலில் கொஞ்சம் துவண்டிருக்கும்போது அதே தண்டு ரப்பர்போல வளைகிறது. அதனால் செருகும் வேலை சனி ஞாயிறு மாலைக்கு மாறியது. நடு வாரத்தில் மகன் பார்த்துக்கொண்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பத்து நிமிஷம், கூலி ஒரு ஐஸ்.

அப்படியும் ஒடிந்தால் வெட்டி எறிய வேண்டாம். பாதி தோல் ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும். நிமிர்த்தி வைத்து ஈர வாழைநாரால் சுற்றி, வலையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பத்து நாளில் அந்த இடம் முண்டு கட்டி முன்னைவிடத் தடிப்பாகிவிட்டது. தக்காளியின் நல்ல குணம் இது. மிளகாய்க்கு இந்தக் குணம் கிடையாது. ஆசைக்குப் பாத்தி ஓரத்தில் இரண்டு குண்டு மிளகாய்ச் செடியை இதே மாதிரி வளைக்கப் போனேன், கவட்டையில் நெடுக்காகப் பிளந்துவிட்டது. ராமநாதபுரம் குண்டு மிளகாய் புவிசார் குறியீடு வாங்கிய செடி, வளைந்துகொடுக்கும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

வலையில் முக்கால் பங்கு நிரம்பியதும் செருகுவதை நிறுத்திவிட்டேன். மார்கழி நடுவில் அது. பிறகு எழும் நுனிகள் அப்படியே மேலே போகட்டும், பூக்கட்டும். முழுக்க நிரப்பினால் கடைசி வாரத்து வளர்ச்சிக்கு இடம் இருக்காது, இலைமேல் இலை படுத்துப் புழுங்கும். வலைக்குக் கீழே வெயில் படாத இலை, கிளை எல்லாவற்றையும் கிள்ளி எடுத்தேன். இது கட்டாயம். மார்கழிப் பனியில் கீழே காற்றோட்டம் இல்லாவிட்டால் இலையில் வட்ட வட்டமாய்க் கருகல் வரும். மூன்றாவது செடியில் நான் சோம்பல்பட்டு விட்ட இடத்தில்தான் முதலில் வந்தது.

வாடை தை வரைக்கும் அடித்தது. செடி அசையவில்லை என்று சொல்லமாட்டேன். பாத்தி முழுக்க ஒன்றாக, கரையோரத்து அலை மாதிரி ஏறி இறங்கியது. தனித்தனியாக ஆடாததால் ஒன்றோடொன்று உரசவில்லை. காற்று பலமாக இருந்த நாளுக்கு மறுநாள் காலையில் இலையை நக்கினால் உப்புக் கரிக்கும். அன்றைக்கெல்லாம் ஊத்துத் தண்ணீரைப் பூவாளியில் மேலே தெளித்துக் கழுவிவிடுவேன். போர் தண்ணீர் அதற்கு ஆகாது, அதுவே உப்பு.

உப்புத் தண்ணீர் வேறொரு இடத்தில் கையைக் காட்டியது. முதல் கொத்துக் காய்களில் ஆறேழு, அடிப்பக்கம் கறுத்துத் தோல்போலச் சப்பையாகிவிட்டன. பூச்சி இல்லை, நோயும் இல்லை. காயின் அடிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மண்ணில் உப்பு ஏறினாலும், ஒரு நாள் வெள்ளமாகவும் இரண்டு நாள் வறட்சியாகவும் தண்ணீர் விட்டாலும் வரும். நான் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன். போர் தண்ணீரை நிறுத்தி, ஊத்துத் தண்ணீரைத் தினமும் காலையில் செடிக்கு இரண்டு குடம் என்று அளந்து ஊற்றி, தரையில் தென்னைமட்டையைப் பரப்பியபிறகு அடுத்த கொத்தில் அது குறைந்தது.

பறிப்பது டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை. ஒன்பது செடியில் இருபத்தாறு கிலோ. பெரிய விவசாயிகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். போன வருஷம் குச்சியில் கட்டிய பன்னிரண்டு செடியில் ஒன்பது கிலோகூடத் தேறவில்லை என்பதால் எனக்கு இது பெரிசு. காய்கள் வலைக்குக் கீழே தொங்கின, தரையைத் தொடவில்லை, இலை நிழலில் இருந்ததால் வெயிலில் வெந்து வெளுக்கவும் இல்லை. ஒரே சங்கடம், பறிக்கக் குந்தி உட்கார்ந்து தலையைக் கீழே விடவேண்டும். அப்பத்தா ஒரு நாள் முயற்சி பண்ணிவிட்டு, "இது பறிக்கிற தோட்டமா, மாட்டுக்கு லாடம் அடிக்கிற இடமா" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த முறை அவருக்காக ஓரத்துக் கால்களை இன்னும் அரை அடி உயர்த்தவேண்டும்.

செலவுக் கணக்கு கேட்பார்கள். சவுக்கு, கயிறு எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய். சாக்கு வீட்டில் கிடந்தது. வலைக்கு மாமா காசு வாங்கவில்லை, வாரம் ஒரு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டார்.

மாசியில் அதே சட்டகத்தில் பாகல் விட்டேன். கால்களுக்கு மேல் குச்சி ஒட்டுக்கட்டி வலையை நாலடிக்கு ஏற்றினேன். பாகற்காய் நீளமாகத் தொங்க இடம் வேண்டும். பாகலுக்குச் செருகும் வேலையே கிடையாது, பற்றுக்கம்பி தானாகப் பிடித்துக்கொள்ளும். வலையைத் தொட்டதும் நுனியை ஒரு முறை கிள்ளிவிட்டேன். பெண் பூ பக்கக் கொடியில்தான் அதிகம் வரும், முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அதைப் பார்த்து மலடு என்று பிடுங்கிவிடக்கூடாது. பழ ஈக்குப் பயந்து பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டினோம். கச்சான் வருவதற்கு முன் பறித்து முடித்தாகிவிட்டது.

வலையைக் கழற்ற அவசரப்படக்கூடாது. பச்சைக் கொடியோடு உருவினால் வலை கிழியும், கையும் கிழியும். வேரை அறுத்துவிட்டு மூன்று வாரம் அப்படியே காயவிட்டேன். மொறமொறப்பான பிறகு கம்பால் நாலு தட்டுத் தட்டினால் முக்கால்வாசி உதிர்ந்துவிடுகிறது. மீதியை வலையைச் சுருட்டித் தரையில் அடித்தால் போதும். வெயில்தான் வலைக்கு எமன். இலை மூடியிருந்த நடுப்பகுதி கெட்டியாக இருக்கிறது, வெயில் பட்ட விளிம்பு நூல் நூலாகப் பிரிகிறது. உதிர்ந்த பிளாஸ்டிக் தும்பை மணலில் விடாமல் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டிவைத்திருக்கிறேன். அறுத்தெடுத்த நண்டு வலையும் அதே சாக்கில்தான். எரிக்கவில்லை, கடலிலும் போடவில்லை. பழைய வலை எடைக்கு எடுக்கும் ஆள் வரும்போது கொடுக்கவேண்டும்.

இப்போது வைகாசி. திருக்கை வலை மாமா வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. விளிம்பில் பிய்ந்த இரண்டு வரிசைக் கண்ணை அறுத்துவிட்டுப் புது நூலில் பின்னிக்கொண்டிருக்கிறார். நேற்று போனபோது கண்ணை விரலால் தடவி அளந்துகொண்டே கேட்டார்:

"தக்காளிக்குன்னா இந்தக் கண்ணு சரி. கத்திரிக்குப் போடப்போறேன்னியே, அது கிளை தடிப்பு. ஆறு அங்குலமா பின்னவா?"

பின்னச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.